கம்பவுண்டர் அர்த்தனாரிக்கு வாய் வராத சொல்

சேலம் கடைவீதியில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். ஏற்காடு பஸ் என் பக்கத்தில் வந்து நின்றது. அது நிற்கிற இடம் அதுவல்ல. கண்டக்டர் படியில் நின்றபடியே குனிந்து, "ரைட்டரய்யா, நம்ம கம்பவுண்டர் போயிட்டாருங்க. வெடியக்காலமுங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கறாங்களாமா. ஏறிக்குங்க, அடுத்த வண்டிக்கு நின்னீங்கன்னா முகம் பாக்க முடியாது" என்றார்.

எந்தக் கம்பவுண்டர் என்று நான் கேட்கவில்லை. சேர்வராயன் மலையில் எஸ்டேட்டுக்கு ஒரு கம்பவுண்டர் இருந்தாலும், 'நம்ம' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டவர் ஒருவர்தான். வாங்கிய வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்க மறந்து ஏறி உட்கார்ந்தேன். அடிவாரத்தில் வண்டி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நின்றபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. அதுவரை கோபமாகத்தான் இருந்தது. போன மாதம்கூட, "தை பொறக்கட்டுங்க, சேலத்துக்கு வந்து உங்க ஊட்டுல நாலு நாள் தங்கறேன்" என்று சொல்லியிருந்தவர். சொன்ன சொல் தவறாத மனிதர் இப்படிச் செய்யலாமா?

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைச்சோலைக்குப் போகிற வழியில் உள்ள எங்கள் காப்பி எஸ்டேட்டில், நான் ஓய்வுபெற்றுச் சேலத்துக்கு இறங்கும்வரை, நான் ரைட்டர், அவர் கம்பவுண்டர். தொழிலாளர்களின் வருகையும் வேலையும் என் பொறுப்பு. அவர்களின் காய்ச்சலும் காயமும் அவர் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்தோம். அவருக்கு ஒல்லியான உடம்பு, அதற்கு இரண்டு சுற்றுப் பெரிய கோட்டு. கிட்டே வந்தால் அயோடின் வாசனை அடிக்கும்.

எங்கள் பக்கத்தில் எல்லோருமே பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவர்கள்தாம். ஆனால் அர்த்தனாரி போடுவது எங்களுக்கே அதிகமாகத் தெரியும். மருந்து குடிக்க அடம்பிடிக்கும் கைக்குழந்தையிடம் "வாயைத் தொறங்க சாமி" என்பார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து பஞ்சை மேய்ந்த ஆட்டிடம் அவர் கைகூப்பாத குறையாக, "ஏனுங்க, வெளிய போங்க" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆடும் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அவரை எவ்வளவு கேலி செய்தாலும், "மரியாதை குடுத்தா ஆடே கேக்குதுங்களே" என்று அந்த ஆட்டையே சாட்சிக்கு இழுப்பார்.

அந்த மனிதருக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஏலத்தில் வந்தது.

தோட்டம் விற்று ஊருக்குப் போகிற துரைமார் தட்டுமுட்டுச் சாமான்களைப் பங்களா வாசலில் பரப்பி ஏலம் விடுவது வழக்கம். அப்படி ஒரு ஏலத்தில் மருந்து நிறுக்கும் சின்னத் தராசுக்கு ஆசைப்பட்டு ஒரு மரப்பெட்டியை எடுத்தார். தராசின் ஒரு தட்டு காணோம். அடியில் ஒரு புத்தகம் இருந்தது. வாத்தியார் இல்லாமல் தானே பிரெஞ்சு கற்றுக்கொள்வதற்காக இங்கிலீஷில் எழுதிய புத்தகம். முன்பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. எந்த எழுத்தை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்த பக்கங்கள் அவை. எஞ்சியதில் இலக்கணம் இருந்தது, சொற்கள் இருந்தன, வாக்கியங்கள் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

"பெட்டியைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க. எழுத்துன்னு ஒண்ணு இருந்தா அதைச் சொல்லிற வேண்டியதுதானுங்களே" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. தமிழில் எழுதிய எழுத்தை யாரும் விழுங்குவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பாதிக்கு மேல் விழுங்குகிறவர்கள் என்று அவருக்கு யார் சொல்வது? ஒரு எழுத்து விடாமல் எல்லாவற்றையும் உச்சரித்தார். 'நலமா' என்று கேட்பதற்கு "கொம்மெண்ட் அல்லெஸ் வௌஸ்" என்பார். 'இது என்ன' என்பதற்கு "க்வெஸ்ட் செ க்யூ செஸ்ட்" என்று ஒரு நீளமான சங்கதி. புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அதை முணுமுணுப்பார். தொழிலாளர்கள் அதை மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். கிளியூரிலிருந்து தேள்கடிக்கு வந்த ஒருவர், அர்த்தனாரி வாயை மூடிக்கொண்டு மருந்து தடவியதும், "அந்த வௌசு மந்திரத்தையும் போட்டு உடுங்க சாமி, அப்பத்தான் எறங்கும்" என்று காலை நீட்டியபடி உட்கார்ந்துவிட்டார். அர்த்தனாரி கொஞ்சம் யோசித்து, 'என் மாமாவின் தோட்டம் பெரியது' என்ற பாட வாக்கியத்தைப் பிரெஞ்சில் மூன்று தடவை சொன்னார். விஷம் இறங்கிவிட்டது.

"இதைப் படிச்சு என்னங்க ஆகப்போகுது? பிரெஞ்சுக்காரன் எவனும் உங்களுக்குச் சம்பளம் குடுக்கறானா?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்குத் தமிழ் பேசவும் இங்கிலீஷ் பிழைக்கவும் போதும். மூன்றாவது பாஷை என்றாலே கொட்டாவி வரும்.

"இங்கிலீசு வயித்துக்குப் படிச்சதுங்க. தமிழு பொறந்ததோட வந்ததுங்க. இது ஒண்ணுதானுங்க நானா ஆசைப்பட்டு வெச்சுக்கிட்டது" என்றார். பிறகு மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இதைப் பாருங்களேன். தண்ணிக்கு அவங்க எழுதறது மூணே எழுத்துங்க. ஈ, ஏ, யூ. மூணும் உயிரெழுத்துங்க. ஒரு மெய்கூடக் கெடையாது. ஒடம்பே இல்லாம உசுரு மட்டும் நிக்குதுங்க. தண்ணிக்கு எத்தனை பொருத்தமா வெச்சிருக்காங்க!" என்றார்.

அதை அவர் 'எ-ஆ-உ' என்று நீட்டிச் சொல்வார். பக்கத்து வீட்டிலிருந்து கேட்டால் யாரோ வாந்தி எடுப்பதுபோல் இருக்கும். அவர் மனைவி பாவாயி, "ஏனுங்க, சோறு ஆறுதுங்க, அந்தக் கருமத்தைக் கீழ வெச்சுப்போட்டு வாங்க" என்று கூப்பிடுவதும் தொடர்ந்து கேட்கும்.

ஏற்காடு ஊருக்குள் அப்போது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். அவரிடம் ஒருமுறை பேசிவிட வேண்டும், தன்னுடையது நிஜமான பிரெஞ்சுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அர்த்தனாரியின் ஆசை. பல நாள் தயார் செய்தார். கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டார். சந்தைநாள் அன்று என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏரிக்கரையில் பாதிரியார் எதிரே வந்தார். அர்த்தனாரி வழிமறித்து வணங்கி, தயார் செய்திருந்த நான்கு வாக்கியங்களையும் நெஞ்சுயரத்தில் கைகட்டி ஒப்பித்தார்.

பாதிரியார் முகம் சுளிக்காமல் முழுவதையும் கேட்டார். அவர் பேசுவது புத்தகத் தமிழ். "மன்னிக்கவேண்டும் ஐயா. எனக்குத் தெலுங்கு வராது. தமிழில் சொல்வீரானால் விளங்கிக்கொள்வேன்" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி, சும்மா கும்பிட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டு அர்த்தனாரி திரும்பிவிட்டார்.

வழியெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரோட பாஷையை அவருகிட்டயே, 'இதுதானுங்க உங்க பாஷை'ன்னு எப்படீங்க சொல்றது?" என்றார். அதன்பிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதரின் முகம் அவ்வளவு வாடியிருந்தது. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் மந்திரமும் கேட்கவில்லை.

எங்கள் எஸ்டேட்டின் மேல் பங்களாவில் பெரிய துரைசாணி இருந்தார். காலமான பெரிய துரையின் மனைவி. மகன் சின்ன துரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். துரைமாருக்கும் துரைசாணிமாருக்கும் தெரிந்த தமிழில் 'நீ' ஒன்றுதான் உண்டு. வயது வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் அதுதான். பெரிய துரைசாணியும், "ஏய் கம்பவுண்டர், நீ இங்கே வா" என்றுதான் கூப்பிடுவார். கெட்டவர் அல்லர், அவருக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் அப்படி.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. இங்கிலீஷும் போய்விட்டது. வாயிலிருந்து குழறலாக ஏதோ வந்தது. அதில் திரும்பத் திரும்ப வந்தது "தலோ… தலோ" என்ற ஒரு சொல். பங்களா ஆயா, "தல, தலங்கறாங்க. தலை வலிக்குதாட்ட இருக்குது. இத்தனை வருசமா இங்கயே இருக்கறதால தமிழு வந்துருச்சு பாவம்" என்றாள். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அர்த்தனாரியைக் கூப்பிட்டார்கள். அவரும் தலைக்குத் தைலம் தடவினார், பற்றுப் போட்டார். துரைசாணி நல்ல கையால் அதைத் தட்டிவிட்டு இன்னும் உரக்க, "தலோ" என்றார். வலி அதிகமாகிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் தைலம் தடவினார்கள். சேலத்து டாக்டர் மலைப்பாதை அடைபடுவதற்கு முந்தி ஒருதரம் வந்து பார்த்துவிட்டு, புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லிப் போயிருந்தார்.

மூன்றாம் நாள் நான் கையெழுத்து வாங்கப் போனபோது சின்ன துரை தாழ்வாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பிறந்தது பிரான்சில் என்று அப்போதுதான் சொன்னார். அப்பாவுக்கு அந்தப் பாஷை பிடிக்காது, அதனால் வீட்டில் யாரும் பேசியதில்லை, தனக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஒருவேளை அம்மா அதைத்தான் பேசுகிறாரோ என்னவோ என்றார். அந்தப் பாதிரியாரையோ சமவெளிக்கு மாற்றியிருந்தார்கள். ஆள் அனுப்பலாம் என்றால் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது.

எங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரர் என்றால் ஒரே சாதிதான். அவர்களுக்குள் பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று இருப்பதும், ஒன்றை மற்றது வீட்டுக்குள் விடாமல் வைத்திருப்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது. "நம்ம கம்பவுண்டர் கொஞ்சம் படிச்சிருக்காருங்க" என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அர்த்தனாரி இரண்டு கையையும் விரித்துவிட்டார். "எனக்கு வர்றது தெலுங்குங்க ரைட்டரே!" என்றார். பிறகு, "மூணு நாளா பிரெஞ்சு எம்பக்கத்துலயே பேசிட்டிருந்திருக்குதுங்க. நான் தைலம் தடவிட்டிருந்திருக்கேன். எனக்கு எங்கீங்க தெரியும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். காதுக்குத்தானே தெரியாது, கண்ணுக்குத் தெரியுமே என்று நான்தான் சொன்னேன். கங்காணியின் பிள்ளைகள் படிக்கும் சிலேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மேலே போனோம்.

கட்டிலருகில் நின்று, 'தங்களுக்கு என்ன வேண்டும்' என்று பிரெஞ்சில் எழுதிக் காட்டினார். மணிமணியான எழுத்து. துரைசாணி சிலேட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் சிலேட்டைப் பார்த்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. பலப்பத்தை இடது கையில் வாங்கி, கோணல்மாணலாக மூன்று எழுத்து எழுதினார்.

ஈ, ஏ, யூ.

தண்ணீர். மூன்று நாளாக அந்த அம்மாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறார். கரண்டி நுனியில் கஞ்சி ஊட்டினார்கள், பழரசம் ஊட்டினார்கள், தலைக்குத் தைலம் தடவினார்கள். வெறும் தண்ணீரை யாரும் கொடுக்கவில்லை. அர்த்தனாரி கரண்டி கரண்டியாக ஊட்டினார். வெளியே வந்ததும் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு எழுத்துங்க. மூணையும் சேத்து ஒரே 'ஓ'ன்னு முழுங்கிடறாங்க. 'த லோ'ன்னா 'கொஞ்சம் தண்ணி'ங்க. நான் எத்தனை வருசம் எ-ஆ-உன்னு கத்திட்டிருந்தேன்!" என்றார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அன்று முதல் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் தினமும் மேல் பங்களாவுக்குப் போனார். அவர் எழுதுவார், துரைசாணி அதை வாய்விட்டுப் படிப்பார். அப்படித்தான் கரையான் தின்ற பக்கங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. அவரும் தன் பாணியில் படித்துக் காட்டுவார். "கொம்மெண்ட் அல்லெஸ் வௌஸ்" என்று அவர் சொன்ன அன்று துரைசாணி விழாத பக்கத்து வாயால் சிரித்த சிரிப்பு, தாழ்வாரத்தில் நின்ற சின்ன துரைக்கும் எனக்கும் கேட்டது. சின்ன துரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஒருநாள் அர்த்தனாரி மேலேயிருந்து இறங்கி நேராக என் ஆபீசுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"ஒரு சிக்கலுங்க. அவங்க பாஷையிலயும் நம்மளாட்டவே நீ, நீங்கன்னு ரெண்டு இருக்குதுங்க. 'நீங்க'வுக்கு 'வூ'. நான் எப்பவும் அதுலதானுங்க எழுதறது. இன்னைக்கு அந்தம்மா சிலேட்டை வாங்கி, 'என்னை நீ என்று சொல்லுங்கள்'னு எழுதிட்டாங்க."

"சொல்லிட்டுப் போங்களேன்."

"'நீ'க்கு என்னங்க சொல்லு தெரியுமா? 'தூ'ங்க. அவங்க வாயால சொல்லிக் கேட்டேன். அத்தனை பெரிய மனுசியைப் பாத்து 'தூ'ங்கறதா? நம்மூருல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. துரைசாணி ஏன் அப்படிக் கேட்டார் என்பதையும் சொன்னார். கப்பல் ஏறுகிற அன்று துறைமுகத்தில் அவருடைய அக்கா, 'நீ உடம்பைப் பார்த்துக்கொள்' என்றாளாம். அந்தச் சொல்லை அவர் கேட்டது அதுதான் கடைசி. அந்த அக்காவும் பிறகு இறந்துவிட்டாள். புருஷன் பேசிய இங்கிலீஷில் அரசனுக்கும் நாய்க்கும் ஒரே சொல். மலையில் நாங்கள் எல்லோரும் 'துரைசாணியம்மா, வாங்க, போங்க' என்றோம். தன்னை 'நீ' என்று சொல்ல உலகத்தில் ஒரு ஜீவனும் இல்லாமல் இத்தனை வருடம் இருந்துவிட்டேன், போவதற்கு முன்னால் ஒருதரம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுதிக் காட்டியிருக்கிறார்.

"வெறும் ரெண்டெழுத்துதானே, எழுதிக் காட்டுங்க" என்றேன்.

"கேக்கணும்ங்கறாங்க. எழுத்துல வேண்டாங்கறாங்க."

"அப்ப சொல்லித் தொலைங்க."

"வாய் வரலீங்களே!" என்று கத்தியேவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அது ஒருமுறைதான். "'நீ'ங்கற வார்த்தை எனக்கு மேலயிருந்து கீழ விழுந்துதானுங்க தெரியும். துரை என்னைச் சொல்லுவாரு, துரைசாணி சொல்லுவாங்க, கேக்கறப்பெல்லாம் குத்தும். அதை எடுத்து ஒரு சாகப்போற உசுரு மேல நான் எப்படீங்க போடுவேன்? சின்ன துரை காதுல விழுந்தா வேலை போயிரும், அது வேற. வேலை போனாக்கூடப் பரவால்லீங்க. வாய் வரமாட்டீங்குது."

தினமும் போனார். தினமும் துரைசாணி சிலேட்டில் அதையே கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு 'தங்களுக்கு', 'தாங்கள்' என்றே எழுதிவிட்டு வந்தார். துரைசாணிக்கு நாளுக்கு நாள் மூச்சு இளைத்தது. பலப்பம் பிடிக்கும் கையும் தளர்ந்தது. நாள் நெருங்குகிறது என்று கம்பவுண்டருக்குத் தெரியாதா? சோறு இறங்கவில்லை என்று பாவாயி என்னிடம் வந்து முறையிட்டார். "அந்தம்மாளுக்கு ஒடம்பு சரியில்லீன்னா இவிய ஏனுங்க இளைச்சுப் போறாங்க?" என்றார். எனக்கும் அந்த 'தூ'வின்மேல் ஒரு வெறுப்பே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு விடியலில் தலைச்சோலைக்காரர் ஒருவர், மரத்திலிருந்து விழுந்த மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அர்த்தனாரி எலும்பைச் சேர்த்துக் கட்டும்வரை அவர் வாசலில் நின்று, மலையுச்சியிலுள்ள சாமியை நோக்கி, "சேர்வராயா, நீ எங்க போயிட்ட? எம்புள்ளையப் பாத்துக்க, நீதான்டா எனக்கு!" என்று அலறிக்கொண்டேயிருந்தார். கட்டுப் போட்டு முடித்த கையோடு அர்த்தனாரி வெளியே வந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. என் ஆபீஸ் வாசலில் நின்று, "ரைட்டரே, சாமியை யாருங்க 'ங்க' போட்டுக் கூப்பிடறா? 'முருகா வாங்க'ன்னு எவனாச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் மேல் பங்களாவை நோக்கி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

அறையில் சின்ன துரையும் இருந்தார். அர்த்தனாரி அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். துரைசாணி கண்ணைத் திறந்தார். இவர் மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்தபடியே விழுங்க வேண்டியதை விழுங்கி, ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பிறகு எனக்கு அதன் அர்த்தத்தைச் சொன்னார்: "உனக்குத் தாகமா இருக்கா?"

துரைசாணிக்கு முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும். அந்த ஒரு பக்கத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த முழு முகத்திலும் கண்டதில்லை. இடது கையால் அர்த்தனாரியின் தலையைத் தொட்டார். அவரும் பதிலுக்கு 'தூ' போட்டு ஏதோ சொன்னார். அதுதான் அவர் எங்கள் கம்பவுண்டரைச் சொன்ன கடைசி 'நீ'. அது குத்தவில்லையாம். "எங்கம்மா சொன்னாப்பல இருந்துச்சுங்க" என்றார். சின்ன துரைக்கு விளங்கியதோ இல்லையோ, எழுந்து போய்ச் சன்னலருகே நின்றுகொண்டார். இரண்டு நாளில் துரைசாணி காலமானார்.

பல வருடம் கழித்து அந்தப் பாதிரியார் ஏற்காட்டுக்கு ஒருமுறை வந்தார். இந்தத் தடவை அர்த்தனாரி இரண்டே வாக்கியம்தான் பேசினார். பாதிரியார் திகைத்துப்போய், "ஐயா, எங்கள் தேசத்தின் வடக்குக் கடற்கரைச் சனங்கள் அல்லவா இப்படி இழுத்துப் பேசுவார்கள்! நீர் எவ்விடத்தில் கற்றீர்?" என்றார். "தலைச்சோலையிலதானுங்க சாமி" என்று சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். திரும்பி வரும்போது இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகு அவர் பிரெஞ்சைக் கற்பதை விட்டுவிடவில்லை. ஆனால் துரைசாணி வாயால் கேட்டறிந்த சொற்களை மட்டுமே உரக்கச் சொல்வார். மற்றவற்றைக் கண்ணால் படித்துக்கொள்வார். மந்திரம் குறைந்துவிட்டது என்று தொழிலாளர்களுக்கு வருத்தம்.

போன மாதம் நான் மலைக்குப் போயிருந்தபோது ஆரஞ்சுச் செடிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். பழைய கதையெல்லாம் பேசினோம். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு ஒண்ணு தெரியுங்களா? இந்த வயசுல எனக்கும் அந்த ஆசை வந்துருச்சுங்க. எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைப் பிரியமா நீன்னு சொல்ல யாரு இருக்கா? பாவாயிகிட்ட, ஒரே ஒருக்கா நீன்னு கூப்பிடு கண்ணுன்னு கேட்டுப்போட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"கரண்டியை எடுத்துட்டு அடிக்க வந்துட்டாங்க. 'ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்களா? எங்கூட்டுக்காரரை நான் நீன்னு சொல்றதா? நாக்கு அழுகிப் போயிரும்'னு ஒரே சண்டை. எனக்குச் சொல்ல வராமப் பட்டபாட்டை நெனச்சுக்கிட்டேன். சரி உடு கண்ணுன்னுட்டேன்." சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏமாற்றமும் கொஞ்சம் இருந்தது.

பஸ் ஏற்காட்டில் என்னை இறக்கிவிட்டபோது மத்தியானம். எஸ்டேட் லாரி ஒன்றில் ஏறிப்போய்ச் சேர்ந்தேன். வாசலில் கூட்டம். சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள், மலைக்காரர்கள், பக்கத்து எஸ்டேட் ஆட்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கு நிற்பதுபோலவே வரிசையாக நின்றிருந்தார்கள். புதுத்துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். கோட்டு இல்லாமல் பார்த்தபோதுதான் அந்த உடம்பு எவ்வளவு சிறியது என்று தெரிந்தது.

பாவாயி தலைமாட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றார். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு புருஷன் முகத்தைக் குனிந்து பார்த்தார். தூக்குவதற்கு ஆட்கள் குனிந்த நேரம், அந்த நெஞ்சின்மேல் இரண்டு கையாலும் அறைந்து, மலையே அதிரும்படி கத்தினார்.

"நீ எங்கய்யா போற? என்னைத் தனியா உட்டுப்போட்டு நீ எங்க போற? எந்திரிய்யா! நீ எந்திரி!"

ஒன்றல்ல, இரண்டல்ல. வாழ்நாளெல்லாம் சொல்லாமல் வைத்திருந்த 'நீ' அத்தனையும் அந்தத் தாழ்வாரத்தில் கொட்டியது. கூட்டத்தில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. நம் பெண்கள் ஒப்பாரியில் அப்படித்தானே அழுவார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. அர்த்தனாரியின் தோளைப் பிடித்து உலுக்கி, "கேட்டீங்களா? சொல்லிட்டாங்க, கேட்டீங்களா?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. இடுகாட்டுக்குப் போய்த் திரும்பும்வரை மனம் அதையே அரற்றிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரு வயது மூத்தவன் நான். சிநேகிதத்துக்கும் குறைவில்லை. கடைசியாக ஒருதரம் 'போய் வாடா அர்த்தனாரி' என்று சொல்லிப் பார் என்று குழிமேட்டில் யாரோ என்னைச் சீண்டுவதுபோல் இருந்தது. நான் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். நம் பாஷையில் மரியாதைக்குரியவர்களில் 'நீ' என்று அழைப்பது சாமியையும் செத்தவர்களையும்தான். அந்தச் சொல் என் வாயில் வந்தால் நீங்கள் போய்விட்டதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

தை பிறக்கட்டுங்க, கம்பவுண்டரே. எங்க ஊட்டுக்கு வாங்க.